ஓடப்போறது நான்

ரேஸ் பைக் ஒன்று எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது எனக்கு முப்பத்திநான்கு வயது. அம்மா குசினிக்குள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"ஆருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"தம்பிக்கெண்டு சொல்லு. கேக்கிற சனத்துக்கு நானும் அப்பிடியே சொல்லுறன்."

"தம்பியிட்ட ஒண்டு நிக்குது. இது எனக்கு. ஓடப்போறது நான்."

அம்மா சுளகைத் தட்டி வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். பிடிக்காத கதை வந்தால் அவர் அங்கேதான் போவார்.

முரசுமோட்டையில் எங்களுக்கு வயல் இருக்கிறது. தம்பி அதைப் பார்க்கிறான். நான் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறேன்; அப்போது பதினொரு வருடமாகியிருந்தது. உடம்பில் பாரமான அங்கியும் முகத்துக்கு மூடியும் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேற வேண்டும். ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்தால் அது நல்ல நாள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்கு ஓடு போட்டோம், தம்பியைப் படிப்பித்தோம். அதை நான் ஒருவருக்கும் சொல்லிக் காட்டியதில்லை. ரேஸ் பைக் கதை வந்த அந்தக் கிழமை ஒரேயொரு தரம் சொல்லிக் காட்டினேன். சொன்னதற்காக இன்றும் வருத்தமில்லை.

எல்லோரும் காரணம் கேட்டார்கள். பஸ் சரியாக வருவதில்லை, வேலைத்தளம் தூரம் என்று நான் சொன்னால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகப் பரந்தன் சந்திக்கே வாகனம் வருகிறது. காரணம் அதைவிடச் சின்னது. ஒருநாள் காலை சந்தியில் வாகனத்துக்குக் காத்து நின்றபோது, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு சிவப்பு பைக் நின்றது. முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் உயர்ந்து, நிற்கும்போதே ஓடுவதுபோல இருந்தது. நான் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். எனக்கு அது வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

"ஸ்கூட்டி எடன், பிள்ளை. வடிவா இருக்கும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார்.

"எனக்கு ரேஸ் பைக்கிலதான் விருப்பம், மாமி."

"விருப்பமெண்டால்?"

"விருப்பமெண்டால் விருப்பம்தான்."

ஆண்கள் இப்படி ஒன்றை எடுத்தால் அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு நான் மட்டும் ஏன் பதில் தயாரித்து வைத்திருக்க வேண்டும்?

புதிது வாங்க வசதியில்லை. ஆகவே பாவித்ததுதான். கியர் வைத்த மோட்டார் சைக்கிள் ஓட எனக்கு முன்பே தெரியும்; தம்பியுடையதை வாய்க்கால் தெருவில் ஓடிப் பழகி லைசன்ஸும் எடுத்திருந்தேன். பாவித்த பைக்கில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மூன்று மாதமாக ஓய்வு நேரத்தில் போனில் பார்த்தும் வாசித்தும் பழகினேன். பிறகு தம்பியுடைய மோட்டார் சைக்கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் போட்டேன். பின்னேரம் திரும்பப் பூட்டியபோது ஒரு ஆணி மிஞ்சியது. அது எங்கே போக வேண்டியது என்று கண்டுபிடிக்கும்வரை தம்பி சாப்பிடவில்லை.

முதலாவது பைக்கைப் பார்க்க வவுனியாவுக்குப் போனோம். தெருவோரத்தில் பாவித்த வாகனங்கள் விற்கிற ஒரு இடம். தம்பியும் கூட வந்தான். விற்பவர் தம்பிக்குக் கதிரை போட்டார், சோடா உடைத்துக் கொடுத்தார். பைக்கின் கதை முழுவதையும் அவனுக்கே சொன்னார். நான் அவர்களுக்குப் பின்னால் போய் இஞ்சினில் புறங்கையை வைத்தேன். சுட்டது.

"இண்டைக்கு ஓடினனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். "இப்பதான் கழுவிப்போட்டு ஒருக்கா ஸ்டாட் பண்ணினது, தம்பி."

ஆறிக் கிடக்கிற இஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். லேசில் ஸ்டாட் ஆகுமா, என்ன நிறத்தில் புகைக்கும், உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்பதெல்லாம் முதல் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் அந்த ஒரு நிமிடம் வாங்குகிறவருக்குக் கிடைக்காது.

"ஆறட்டும். நாங்கள் இருக்கிறம்" என்றேன்.

"மணித்தியாலம் செல்லும், தங்கச்சி."

"பரவாயில்லை."

அந்த ஒரு மணித்தியாலமும் நான் கதிரையில் இருக்கவில்லை. பைக்குக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, முன்சில்லில் தொடங்கிப் பின்சில்லுவரை பார்த்துக்கொண்டு போனேன். பிரேக் பிடியின் நுனி உரசித் தேய்ந்திருந்தது. இடப்பக்கப் பிளாஸ்டிக் மூடியைவிட வலப்பக்க மூடி கொஞ்சம் கூடச் சிவப்பு. நிழலில் தெரியவில்லை, தள்ளி வெயிலில் விட்டபோது தெரிந்தது. ஹாண்டிலை ஒரு அளவுக்குமேல் திரும்பவிடாமல் தடுக்கிற சின்ன இரும்புக் குமிழ் இரண்டு இருக்கும். அதில் ஒன்று நசுங்கியிருந்தது. சும்மா விழுந்தால் அது நசுங்காது. முன்பக்கம் எதிலோ பலமாக அடிபட்டால்தான் நசுங்கும்.

பிறகு பெற்றோல் தாங்கிக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். சேசிஸில் புதுப் பெயின்ற். அதன் அடியில், ஹாண்டில் பொருந்துகிற முடிச்சுக்குப் பக்கத்தில், விரலால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு மேடு.

"இதில வெல்டிங் பிடிச்சிருக்கு" என்றேன்.

"உது கொம்பனியில வந்த வெல்டிங்."

மற்றப் பக்கத்துக்குப் போய் அதே இடத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே கொம்பனிதானே, அண்ணை?"

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் தம்பியிடம் திரும்பினார். "உங்கட அக்காவுக்குச் சந்தேகம் கொஞ்சம் கூட."

"ஓம்," என்றான் தம்பி. "அவாவுக்கு அதுதான் வேலை."

முறிந்து ஒட்டிய சேசிஸோடு அந்த பைக் வேகமாகப் போகும்போது என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். வாங்குவதென்றால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், பெண்களோடு வாகனக் கதை கதைக்கத் தனக்கு நேரமில்லை என்றார். நானும் குரலை உயர்த்தவில்லை. அங்கே இன்னொரு பைக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் போய், "அந்தச் சிவப்பு சேசிஸ் முறிஞ்சு ஒட்டினது. தாங்கிக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். விற்பவர் பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டார். தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பஸ் ஏறும்வரை அவனுக்குப் பயம். எனக்கு அன்று முழுவதும் பசிக்கவேயில்லை, அவ்வளவு சந்தோசம்.

இரண்டாவது நெடுங்கேணியில். ஸ்டாட் பண்ணிப் பார்க்கிற அளவுக்கே அது போகவில்லை. பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். போட்டோப் பிரதிதான் இருக்கிறது, புத்தகம் பிறகு வரும் என்றார் உரிமையாளர். சேசிஸில் இலக்கம் அடித்திருக்கிற இடத்தைச் சோக்கால் உரசினேன். சோக்குப் பொடி பள்ளத்தில் நின்று இலக்கத்தைக் காட்ட வேண்டும். அங்கே பள்ளமே இல்லை, யாரோ தேய்த்திருந்தார்கள். விலை மிகவும் குறைவு. தம்பிகூட ஒரு கணம் யோசித்தான். நான் சோக்கைப் பையில் போட்டுக்கொண்டு, "வாறம் அண்ணை" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. "ஒண்டும் பிடிக்கேல்லையாம்" என்று மாமி அம்மாவிடம் சொன்னார். மாப்பிள்ளைகளைப் பற்றியும் அவர் முன்பு இதையேதான் சொன்னவர். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டிலும் எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மூன்றாவது பைக்கைப் பற்றிச் சொன்னது என்னோடு வேலை செய்கிற ஒரு கடற்கரைப் பெண். கொக்கிளாயில் அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் வெளிநாடு போய் ஒரு வருடம். அவனுடைய பைக் கொட்டிலில் கிடக்கிறது. தாய் விற்கப் பார்க்கிறார். தம்பிக்கு உழவு இருந்தது. நான் தனியே முல்லைத்தீவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேர்ந்தேன். முதுகுப் பையில் டோர்ச், சோக்கு, பழைய பல் தூரிகை, ஒரு போத்தல் பெற்றோல்.

அந்தத் தாய் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கறுப்புச் செபமாலை.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம், அம்மா."

"ஓடப்போறது ஆர்?"

"நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொட்டில் பக்கம் நடந்தார்.

"அப்ப கேளுங்கோ. ரெண்டு தரம் விழுந்தவன். ஒருக்கா நாயாற்றுப் பாலத்தடியில மாடு குறுக்க வந்து. மற்றது குடிச்சுப்போட்டு. ரெண்டும் இடப்பக்கம்தான். இங்க கடற்காத்து, எல்லாத்தையும் தின்னும். உதெல்லாம் உங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் படித்தது முழுக்க, ஒளித்து வைப்பதைக் கண்டுபிடிப்பதற்காக. தாமாகவே சொல்கிறவரிடம் என்ன செய்வதென்று எந்த வீடியோவிலும் இல்லை.

ஆனாலும் பார்த்தேன். மேலே மூடியிருந்த படங்கை விலக்கினால் அதுவும் சிவப்புத்தான், உப்பில் மங்கின சிவப்பு. தாங்கியில் அந்தோனியார் படம் ஒன்று ஒட்டியிருந்தது. இடப்பக்கக் கீறல்கள் அவர் சொன்னபடியே இருந்தன. ஹாண்டில் குமிழ்கள் நசுங்கவில்லை. சேசிஸ் முழுவதையும் தடவினேன். புதுப் பெயின்ற் எங்கேயும் இல்லை. முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்பினேன், எங்கேயும் கொளுவாமல் ஓடியது. செயின் துருவேறி இறுகிக் கிடந்தது. ரயர்கள் தேயாமல் பூ நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு. பெற்றோல் தாங்கிக்குள் டோர்ச் அடித்தபோது கெட்டுப்போன பெற்றோலின் புளித்த மணம். இதெல்லாம் மாற்றக்கூடியவை.

கெட்ட பெற்றோலை வடித்து, கொண்டுவந்ததை ஊற்றினேன். பற்றரி செத்திருந்தது. அந்த அம்மா உள்ளே போய், இறால் பிடிக்கப் போகும்போது லைற் எரிக்கிற பற்றரியை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்தார். அதில் வயர் கொளுவினோம். முதல் இரண்டு தரமும் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தரம் பிடித்தது. வெள்ளைப் புகை வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. நீலப் புகை வரவில்லை. இஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு முற்றத்தில் மகனின் சத்தம் அல்லவா? அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். அவன் ஏதோ ஒரு பெரிய சமையலறையில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு நின்றான்.

"அக்கா, ஆர் ஓடுறது?"

"நான்தான்."

அவன் போனைக் கிட்டக் கொண்டுவந்தான். "கோவிக்காதேங்கோ. அது சரியான பாரம். விழுந்தால் உங்களால தூக்க ஏலாது. அம்மா, அவாவை ஒருக்காத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கோ. பிறகு ஏதும் நடந்தால் எனக்குத்தான் மனக்கஷ்டம்."

"ஒரு ஆம்பிளை வந்திருந்தால் தூக்கிக் காட்டச் சொல்லியிருப்பீங்களோ?" என்று கேட்டேன்.

அவன் பொய் சொல்லவில்லை. "இல்லை, அக்கா."

"அப்ப நானும் காட்டமாட்டன். விக்க விருப்பமெண்டால் வில்லுங்கோ. இல்லாட்டி எனக்கு அடுத்த பஸ் இருக்கு."

தாய் போனைத் தன் பக்கம் திருப்பினார். "அவா காசு குடுத்து வாங்குறா. நீ வேலையைப் பார்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

எனக்கு முகமெல்லாம் சூடு. ஆனால் அவன் கேட்டது எனக்குள் போய் இருந்துவிட்டது. அவனுக்குக் காட்டத் தேவையில்லை. எனக்குத் தெரிய வேண்டும். முறிகண்டிப் பக்கத்துக் காட்டு றோட்டில் விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்கள்?

"அம்மா, சாக்கு ரெண்டு இருக்கோ?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சாக்கும், பிய்ந்த வலை ஒரு சுருளும் கொண்டுவந்து மணலில் விரித்தார். இருவரும் பிடித்துப் பைக்கை மெல்ல இடப்பக்கம் சாய்த்துக் கிடத்தினோம். அவர் விலகி நின்றார்.

முதல் தரம் ஹாண்டிலைப் பிடித்து இழுத்தேன். பைக் ஒரு சாண் எழும்பி, மணலில் சறுக்கி, திரும்பக் கிடந்தது. தோள்மூட்டில் ஒரு பிடிப்பு. மூச்சு ஆறும்வரை நின்று யோசித்தேன். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். இடுப்பைச் சீற்றில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மற்றக் கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்தேன். கையால் இழுக்காமல், காலால் மணலை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடந்தேன். பதினொரு வருடம் குந்தி எழும்பின தொடை எனக்கு. பைக் முனகிக்கொண்டு எழும்பி, கடைசியில் சடாரென்று நிமிர்ந்தது. மற்றப் பக்கம் சாயாமல் இடுப்போடு இழுத்து அணைத்துப் பிடித்தேன்.

"ஓம்," என்றார் அந்த அம்மா. "இவ்வளவும் காணும்."

அது கிடந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சைலன்ஸரின் அடிப்பக்கத்தை உப்புத் தின்று, விரல் போகிற அளவுக்கு ஓட்டை. நிமிர்ந்து நிற்கும்போது அது தெரியவே தெரியாது. காட்டினேன்.

"இது எனக்கே தெரியாது, பிள்ளை" என்றார். நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். நான் அதற்குமேல் பேரம் பேசவில்லை.

பதிவுப் புத்தகம் அலுமாரிக்குள் பொலித்தீன் சுற்றி இருந்தது. லீசிங் கட்டி முடித்த கடிதமும், மகன் போகும்போது கையெழுத்து வைத்துக் கொடுத்த உரிமை மாற்றப் பத்திரமும் கூடவே இருந்தன. சேசிஸ் இலக்கத்துக்குச் சோக்குப் பூசினேன். இஞ்சின் இலக்கத்தைப் பல் தூரிகையால் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக நான் வாசிக்க, அவர் புத்தகத்தில் விரல் வைத்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் நகத்தால் தாங்கியிலிருந்த அந்தோனியாரைப் பக்குவமாக உரித்தெடுத்தார்.

"இது விக்கிறதுக்கில்லை" என்றார்.

"வேண்டாம், அம்மா. வைச்சுக்கொள்ளுங்கோ."

அடுத்த கிழமை ஒரு சின்ன லொறியில் ஏற்றி முல்லைத்தீவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். வெடித்த ரயரோடு ஓடிக் காட்டி ஒருவரிடமும் பெயர் வாங்கும் ஆசை எனக்கில்லை. ரயர், செயின், பற்றரி, பிரேக் எண்ணெய் எல்லாம் புதிது. சைலன்ஸருக்குத் தகடு வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, நண்பகலில், நானே ஓடிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் கிளச்சைத் தவற விட்டு நடுவீதியில் நின்றுபோனேன். ஓட்டோக்காரர் இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்ப ஸ்டாட் பண்ணினேன். விசுவமடு தாண்டி வீதி நேராகி, முன்னால் ஒரு வாகனமும் இல்லாத இடத்தில், உடம்பைத் தாங்கியோடு சேர்த்துக் குனிந்து முறுக்கினேன். ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்தது. பயமாக இருந்தது. பயம் எனக்குப் பழக்கமான சாமான்தான். அதோடு எப்படி இருப்பதென்று தெரியும். இந்தச் சந்தோசம்தான் பழக்கமில்லை. தருமபுரம் வரும்வரை நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன் என்பது பிறகுதான், தாடை நொந்தபோது, தெரிந்தது.

அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அதே மாதத்தில் ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல குடும்பம், பெடியன் அரச உத்தியோகம். எல்லாம் பொருந்தி வந்த பிறகு, பெடியனின் தமக்கை எழும்பும்போது கேட்டார், "கலியாணத்துக்கு முதல் அந்த மோட்டச்சைக்கிளை வித்துப்போடுவியள்தானே?"

அம்மா என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினார்.

"இல்லை, அக்கா. விக்கமாட்டன்."

"ஒரு மோட்டச்சைக்கிளுக்காகவோ?"

"அந்தக் கதையை எடுத்தது நீங்கள்தான். நான் உங்கட தம்பியிட்ட எதையும் விக்கச் சொல்லிக் கேக்கேல்லையே."

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அம்மா இன்னும் ஒரு கிழமை கதைக்கவில்லை. கிணற்றடியில் இருந்து அவர் அழுததும் எனக்குத் தெரியும். அவருக்காக வருந்தினேன். செய்ததற்காக வருந்தவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

இப்போது இரண்டு வருடமாகிறது. என்னோடு வேலை செய்கிற பெண்களில் இருவர் பாவித்த மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டார்கள். ஒன்று ஸ்கூட்டி, ஒன்று கியர். இரண்டையும் பார்க்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டி எடுத்தவளிடம் நான் காரணம் கேட்கவில்லை.

அம்மா இன்றுவரை என் பின்னால் ஏறவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் பஸ்தான். ஆனால் கொட்டிலில் நிற்கிற பைக்கின் சீற்றில் கோழி ஏறிவிட்டால் ஈர்க்குமாறோடு ஓடிவருவார். காலையில் நான் ஸ்டாட் பண்ணிச் சூடாக்கும்போது, முற்றம் கூட்டுவதை விட்டுவிட்டுப் போய்ப் படலையைத் திறந்துவிடுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறப்பார். நான் வெளியே இறங்கி வீதியில் ஏறியதும் பின்னால் படலை சாத்துகிற சத்தம் கேட்கும்.